கதவுக்கு முட்டுக்கொடுத்த ஸ்டாண்டு

ஒஃபெலியாவின் வாய் நீளம் சியென்ஃபுவேகோஸ் ஊரில் எங்கள் தெருவுக்கே தெரியும். ரேடியோ, ஃபேன், காது மிஷின் என்று எதைக் கொண்டுபோனாலும் சரிசெய்து தருவாள். ஆனால் திட்டாமல் தரமாட்டாள். மூடியைக் கழற்றிப் பார்த்ததும் ஆரம்பித்துவிடும்.

"இதுக்கு முன்னாடி இதை யாரு தொட்டது? ரிகோவா? வேணாம், நீ சொல்லவே வேணாம். பாத்தாலே தெரியுது. அவன் சால்டரிங்கா பண்றான்? பன்னியில்ல சுடுறான்!"

ரிகோ இரண்டு தெரு தள்ளி இதே தொழில் செய்கிறவன். ஈயம் ஒட்டவில்லை என்றால் சால்டரிங் அயர்னின் சூட்டை நானூற்றைம்பதுக்கு ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவான். தகட்டில் இருக்கிற செம்புக்கோடே உரிந்து வந்துவிடும். ஒஃபெலியாவின் அயர்னோடு இணைந்த பெட்டியில் சூட்டைக் காட்டும் எண் முந்நூற்று இருபதில் நிற்கும். ஒட்டவில்லையா, முனையை ஈரத்தில் துடை, புது ஈயத்தைக் கொஞ்சம் பூசு, அப்புறம் தொடு. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் எடுத்துவிடு. இப்படி முப்பது வருஷமாகச் செய்துவந்தாள். அந்தச் சால்டரிங் அயர்னை அவள் 'கோல்' என்றுதான் சொல்லுவாள். கோலை எங்கே வைப்பது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முகம் சிவந்துவிடும்.

"கையில இருக்கணும். கையில இல்லேன்னா ஸ்டாண்டுல இருக்கணும். மூணாவது இடமே கிடையாது."

அப்படிப்பட்டவளுடைய கோல்தான் அவள் புருஷனைக் கொன்றது. அது பதினான்கு மாதமாக அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

ஊருக்குத் தெரிந்தது வேறு. ஒஃபெலியாவின் நாத்தனார் சொராய்தா எதிர்வீட்டில் இருக்கிறாள், தையல்காரி. அவள் மகன் மயாமியிலிருந்து சார்ஜ் லைட்டு இரண்டு அனுப்பியிருந்தான். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு இன்னொன்றை அண்ணன் ஹசிந்தோவுக்குக் கொடுத்தாள். ஒஃபெலியாவின் வீடு தீப்பிடித்த அன்று அந்த லைட்டு முன்னறையில் ப்ளக்கில் செருகியபடி இருந்தது. பார்க்க வந்த அதிகாரி பத்து நிமிஷம் சுற்றிவிட்டு, உருகிப்போன லைட்டைக் காலால் புரட்டி, "இந்த பாட்டரிதான். கரண்டு திரும்பி வந்தப்ப வெடிச்சிருக்கு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சொராய்தா தெருப் புழுதியில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் குடுத்த லைட்டு! எங்கண்ணனுக்கு நான் குடுத்த லைட்டு!"

அப்போதே ஒஃபெலியா வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கத்தான் போனாள். ஆனால் யாரோ அவளுக்குக் காபியை நீட்டினார்கள், யாரோ கட்டிக்கொண்டார்கள், அந்த நிமிஷம் போய்விட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு அடக்கம் இருந்தது. அடக்கம் முடிந்தால் துக்கம் கேட்க வருகிறவர்கள். ஒரு நாள் தள்ளிய உண்மையை மறுநாள் சொல்வதே கஷ்டம். பதினான்கு மாதம் தள்ளியதை எந்த வாயால் சொல்வது?

நடந்தது இதுதான்.

ஹசிந்தோவின் காதைச் சர்க்கரை ஆலை தின்றுவிட்டது. இருபத்தெட்டு வருஷம் அந்த இரைச்சலில் நின்றவனுக்குக் காது மிஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. தூங்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டான். காரணம் கரண்டு. எங்கள் ஊரில் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று கடவுளுக்கே நிச்சயமில்லை. அதனால் போனபிறகு யாரும் சுவிட்சை அணைப்பதில்லை. லைட்டு எரிந்தால்தானே வந்தது தெரியும்? வந்த உடனே தெரு முழுக்க "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கூச்சல் கிளம்பும். அந்தக் கூச்சல் காதில் விழுந்ததும் ஹசிந்தோ படுக்கையிலிருந்து குதித்து ஓடித் தண்ணி மோட்டாரைப் போடுவான். அது அவன் வேலை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று காலை மிஷினில் ஒரு ஒயர் அறுந்துவிட்டது. ஒஃபெலியா அதைப் பிரித்து முன்னறை மேஜையில் பரப்பினாள். சின்னத் திருகாணிகள் உருளக்கூடாதென்று எப்போதும்போல் கீழே ஒரு பழைய துண்டை விரித்திருந்தாள்.

"எப்ப ஆகும்?" என்று வீடு அதிரக் கத்தினான் ஹசிந்தோ. தன் குரல் தனக்குக் கேட்காதவன் கத்தத்தானே செய்வான்.

அவள் ஒரு விரலைக் காட்டினாள், ஒரு மணி நேரம். சும்மா போகாமல் தலைக்குமேல் வந்து நிற்கிறானே என்று இரண்டு வார்த்தை திட்டவும் செய்தாள்.

அவன் சிரித்தான். "செவிடனா இருக்கிறதும் நல்லதுதான்டி. நீ திட்டுறது ஒண்ணும் கேக்கல."

அவன் அவளிடம் கடைசியாகச் சொன்னது அது.

பதினொன்றரைக்கு அவள் பெட்டியின் சுவிட்சைப் போட்டுக் கோலைக் கையில் எடுத்தாள்; அது சூடேறுவதற்குள் கரண்டு போய்ப் பெட்டியில் எண் அணைந்தது. ஃபேன் நின்றது. ஆகஸ்டு மாதப் புழுக்கம் கழுத்தைப் பிடித்தது. முன்கதவைத் திறந்தால் கடற்காற்று அதை அடித்து அடித்துச் சாத்தும்; முட்டுக்கொடுக்கக் கனமாக ஏதாவது வேண்டும். கோல் ஸ்டாண்டின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, இரண்டு கிலோ இருக்கும். கரண்டு இல்லாத நாளில் அந்த ஸ்டாண்டைத்தான் அவள் கதவுக்கு முட்டாக வைப்பாள். கோல் ஆறிக் கிடக்கும்போது அதை எங்கே வைத்தால் என்ன? துண்டின்மேல் வைத்துவிட்டு ஸ்டாண்டைக் கதவடியில் போட்டாள். இப்படி அவள் நூறு தடவை செய்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பெட்டியின் சுவிட்சை அணைத்தபிறகுதான் செய்திருக்கிறாள்.

அன்று சுவிட்சுக்குக் கை போவதற்குள் தெருவிலிருந்து சொராய்தா கத்தினாள்: "அண்ணி! ரேஷன் கடைக்குச் சிக்கன் வந்துருச்சு! ஓடி வாங்க, வரிசை அந்த முக்கு வரைக்கும் நிக்குது!"

சிக்கன் வந்து நாற்பது நாளாயிற்று. ஒஃபெலியா ரேஷன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கால் படுகிற இடத்தில் கிடந்த ஸ்டாண்டைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, தானே பூட்டிக்கொள்ளும் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு ஓடினாள். ஹசிந்தோ உள்ளறையில் படுத்திருந்தான். பின்வீட்டுப் பன்றிக்கொட்டிலின் நாற்றம் தாங்காமல் ஜன்னலை எப்போதும் அடைத்தே வைத்திருப்பான்.

ஒன்றேகால் மணிக்குக் கரண்டு வந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் கைதட்டிக் கூவினார்கள். ஒஃபெலியாவும் கூவினாள். அதுதான் இன்றைக்கும் அவள் தொண்டையில் நிற்கிறது. வாயெல்லாம் பல்லாக, பக்கத்தில் நின்றவளின் தோளைத் தட்டி, "வந்துருச்சு!" என்று கூவினாள். மோட்டாரை நினைத்தாள், சோற்றை நினைத்தாள். கோல் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு சிக்கன் காலோடு அவள் திரும்பியபோது தெருக்காரர்கள் கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள். துண்டு கருகி, அதிலிருந்து சுத்தம் செய்ய வைத்திருந்த ஸ்பிரிட்டு பிடித்து, அதிலிருந்து சோபா பஞ்சு பிடித்திருந்தது. உள்ளறைக்குத் தீ போகவே இல்லை. புகை மட்டும் போயிருந்தது. ஹசிந்தோ தூங்கியபடியே கிடந்தான். பாவம், தூக்கத்திலேயே போய்விட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். தெரு முழுக்கக் கூவியும் அவன் ஏன் எழுந்து மோட்டார் போட ஓடவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவனுடைய காது பிரிந்தபடி அவள் மேஜையில் எரிந்துபோயிருந்தது.

வாசற்படிக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டாண்டில் கரிகூடச் சரியாகப் படியவில்லை. அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதற்குப்பிறகு அவள் கோலைத் தொடவில்லை. துக்கம் என்று ஊர் சொன்னது. வேலை கேட்டு வந்தவர்களை ரிகோவிடம் அனுப்பினாள், திட்டுகூட இல்லாமல்.

சொராய்தா தன் வீட்டுச் சார்ஜ் லைட்டைப் பின்முற்றத்தில் ஒரு வாளி மணலுக்குள் புதைத்துவைத்தாள். வெடிக்கிறதானால் அங்கே கிடந்து வெடிக்கட்டும். கரண்டு இல்லாத நேரத்தில் அவள் மண்ணெண்ணெய்ப் புட்டியில் திரி போட்டு, அந்தப் புகை பிடித்த வெளிச்சத்தில் தைத்தாள். சர்க்கரை வியாதிக் கண் வேறு. ஒஃபெலியா எதிரிலிருந்து ஜன்னல் வழியாக அந்த மஞ்சள் சுடரைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தன் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

சென்ற அக்டோபரில் ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரம் சொராய்தாவின் அலறல் கேட்டது. பல் டாக்டர் மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் கவுன், அடுக்கடுக்காக வெள்ளை வலைத்துணி வைத்தது, புட்டி விளக்கில் பட்டுவிட்டது. வெறுங்கையால் அணைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஒஃபெலியா போனபோது சொராய்தா வலது கையில் கட்டோடு தையல் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். கருகிய கவுன் மடியில் கிடந்தது.

"காட்டுடி கையை."

"என்னத்தைக் காட்டுறது. ரெண்டு விரல் மடங்காதாம். ஊசி பிடிக்க மூணு விரல் இருக்கு, போதும்."

"அந்தச் சார்ஜ் லைட்டை எடுத்து வெச்சுத் தைச்சிருந்தா..."

"எந்த லைட்டை அண்ணி? எங்கண்ணனைத் தின்னுச்சே, அதோட கூடப்பிறந்ததையா?" சொராய்தா கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "கைதானே. போகட்டும். நான் பண்ணினதுக்கு இதெல்லாம் கொசுக்கடி. நேத்து துணி பத்திக்கிட்டு எரியறப்ப ஒரு நிமிஷம் நல்லாகூட இருந்துச்சு, தெரியுமா? சரி, எனக்கும் வந்துருச்சுன்னு."

ஒஃபெலியா எழுந்து தெருவைக் கடந்து வீட்டுக்குப் போனாள். கட்டிலுக்கடியில் கையை விட்டு இழுத்தாள். திரும்பிவந்து அந்த இரும்பு ஸ்டாண்டைத் தையல் மிஷின்மேல் வைத்தாள்.

"இது அன்னிக்கு மேஜையில இல்ல, சொராய்தா. கதவடியில இருந்துச்சு."

"அதுக்கென்ன?"

"கோல் துண்டு மேல கிடந்துச்சு."

சொராய்தா ஸ்டாண்டைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அந்த மேஜைப் பக்கம் வந்துபோய்த் திட்டு வாங்கியவள் அவளும்தான். மூன்றாவது இடம் கிடையாது என்பது அவளுக்கும் மனப்பாடம்.

"சுவிட்சு?"

"அணைக்கல."

"நான் சிக்கன் சிக்கன்னு கத்தினேன்."

"நீ கத்தினே. ஆனா அணைக்க வேண்டியவ நான்."

"அண்ணன் காதுல மிஷின் இருந்திருக்குமே. புகைய விடுங்க, அந்தக் கூச்சலுக்காவது எந்திரிச்சிருப்பாரே."

"மிஷின் என் மேஜையில இருந்துச்சு. பிரிச்சுப் போட்டிருந்தேன்."

பின்வீட்டில் யாரோ வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். சொராய்தா மடியிலிருந்த கவுனை மெதுவாக மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"பதினாலு மாசம், அண்ணி."

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்கூடக் கல்லறைக்கு வந்தீங்க. நான் மண்ணுல உக்காந்து அண்ணன்கிட்ட மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோன்னு அழுதேன். நீங்க பக்கத்துல நின்னு, பூ வாடியிருக்கு, வேற வாங்கணும்னீங்க."

முப்பது வருஷம் ஊரையே திட்டிய வாய்க்குத் தனக்கென்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"போங்க."

"சொராய்தா..."

"போங்கன்னேன். அந்த இரும்பையும் தூக்கிக்கிட்டுப் போங்க."

ஒன்பது நாள் எதிர்வீட்டுத் திரை விலகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொராய்தா தனியாகக் கல்லறைக்குப் போனாள். ஒஃபெலியா அவள் திரும்பும்வரை காத்திருந்து தனியாகப் போனாள். அங்கே புதுப் பூ இருந்தது. தெருக்காரர்கள் என்ன சண்டை என்று மோப்பம் பிடித்துப் பார்த்தார்கள். சொராய்தா யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒஃபெலியாவுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

பத்தாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சொராய்தா ஒரு கையில் மணல் ஒட்டிய சார்ஜ் லைட்டோடும், கட்டுப்போட்ட கையின் முழங்கையில் தொங்கிய பையோடும் நின்றாள். பையில் ரிகோவின் சால்டரிங் பெட்டியும் ஒரு பாட்டரியும் இருந்தன.

"இதுல பாட்டரி செத்துப்போச்சு. ரிகோ வேற குடுத்தான். ரெண்டு ஒயர் பத்தவைக்கணும்." அண்ணி என்ற வார்த்தை இல்லை.

"நான் இப்பல்லாம் கோலைத் தொடறதில்ல."

"தெரியும்."

"ரிகோகிட்டயே குடுத்து..."

"அவன் பன்னி சுடுவான்" என்றாள் சொராய்தா. முகத்தில் சிரிப்பு இல்லை. நாற்காலியை இழுத்து மேஜைக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நீங்களே பண்ணுங்க. நான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

ரிகோவிடம் ஸ்டாண்டு என்று ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை. கோலைக் காலி டின்மேல் சாய்த்துவைக்கிறவன். ஒஃபெலியா உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து தன் ஸ்டாண்டை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். துண்டு விரிக்கவில்லை. ஒரு ஓட்டுச்சில்லைப் போட்டாள். புகை போக ஜன்னலைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ப்ளக்கைச் செருகினாள்.

பெட்டியில் எண் நானூற்றைம்பது என்று எரிந்தது. பழக்கம் விடுமா? "மடையன்" என்று முணுமுணுத்து முந்நூற்றைம்பதுக்கு இறக்கினாள். தடித்த ஒயர், அதற்குமேல் வேண்டாம். முனை கரியாகக் கிடந்தது. ஈரத்துணியில் துடைத்தாள், ஈயத்தைத் தொட்டாள், மறுபடி துடைத்தாள். மூன்றாவது தடவை முனை வெள்ளி மாதிரி பளிச்சிட்டது. கோலை ஸ்டாண்டில் வைத்துவிட்டு விரல்களை மடக்கி விரித்தாள். சொராய்தா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பாம்பைப் பார்க்கிற மாதிரி.

சிவப்பு ஒயரைப் பற்றவைத்தாள். ஒன்று, இரண்டு, எடுத்தாள். ஈயம் பளபளவென்று வழிந்து நின்றது, பதினான்கு மாதத்தில் கை ஒன்றும் மறந்துவிடவில்லை. கறுப்பு ஒயரை வளைத்துப் பிடித்தாள்.

பெட்டியில் எண் அணைந்தது.

தெரு முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ கெட்டவார்த்தை சொன்னார்கள். ஒஃபெலியா ஒயரை விட்டாள். சூடு இருக்கும்போதே முனையில் ஈயம் பூசினாள். கோலை ஸ்டாண்டில் செருகினாள். சுவிட்சை அணைத்தாள். ப்ளக்கைப் பிடுங்கி மேஜைமேல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்தாள்.

எல்லாம் முடிந்தது. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

சொராய்தா பிடுங்கிய ப்ளக்கைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது.

"இவ்வளவுதானா?"

ஒஃபெலியா கண்ணாடியைக் கழற்றினாள்.

"சொல்லுங்க அண்ணி. அன்னிக்குப் பண்ண வேண்டியிருந்ததும் இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

சொராய்தா கட்டுப்போட்ட கையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பதினான்கு மாதமாகத் தன்னை நொந்துகொண்டு அழுதவள், அன்றுதான் தன் அண்ணனுக்காக மட்டும் அழுதாள். ஒஃபெலியா அவளைத் தொடப் போகவில்லை. தொடுகிற உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கறுப்பு ஒயர் இன்னும் பாக்கி இருந்தது. சொராய்தா எழுந்து போகவில்லை. கோல் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஆறியபிறகும் உட்கார்ந்திருந்தாள்.